கிஸ்தி ரசீதும் விடுதலைப் பத்திரமும்

நான் ஓமலூரில் பத்திரம் எழுதுகிறேன். எனக்கு முன்னால் அப்பா எழுதினார். ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் எங்கள் அறை. கிரயம், பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்ட், அடமானம், விடுதலை (சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பது) என்று எது எழுதுவதாக இருந்தாலும் முதலில் மூலப்பத்திரங்களைக் கொண்டுவரச் சொல்வேன். மஞ்சள் பையிலோ பழைய தகரப் பெட்டியிலோ கட்டாக வரும். அதைப் பிரித்து, ஆண்டுவாரியாக அடுக்கி, யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்று தொடர்பு பார்ப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

என் மகன் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறான். நிலப்பிரபுத்துவம், காலனி ஆட்சி, திட்டமிட்ட பொருளாதாரம், தாராளமயம் என்று அவன் பாடத்தில் ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயம். ஒன்று முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இன்னொன்று ஆரம்பமாகிறது. அவன் தேர்வுக்காக அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒப்பவில்லை. என் மேசைக்கு வரும் கட்டுகளில் எதுவும் அப்படி முடிவதில்லை. ஒரே கட்டில் மிட்டாதாருக்கு (கம்பெனி காலத்தில் ஊர்களை ஏலத்தில் எடுத்து வரி வசூலித்தவர்) பணம் கட்டிய ரசீது இருக்கும், ஊர்க் கணக்கரான கர்ணத்தின் கையெழுத்தில் அடங்கல் (பயிர்க் கணக்கு) நகல் இருக்கும், கிராம நிர்வாக அலுவலரின் முத்திரை இருக்கும், கடைசியில் கணினியில் எடுத்த பட்டாவும் இருக்கும். புதிதாக வருகிற ஆட்சி, பழைய ஆட்சியின் கணக்கை வாங்கிக்கொண்டுதான் உட்காருகிறது. அந்தக் கணக்கை யார் எழுதுகிறார், அதில் யார் பெயர் ஏறுகிறது என்பது மாறும்போதுதான் ஊரில் நிஜமாகவே ஏதோ மாறுகிறது. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பசலியையே எடுத்துக்கொள்ளுங்கள். முகலாயர் காலத்தில் நிலவரி வசூலுக்கென்று உண்டான ஆண்டுக் கணக்கு அது. ஜூலை முதல் தேதி பிறக்கும். ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் வரும். 2024 ஜூலையில் பிறந்தது 1434-ஆம் பசலி. முகலாயர் போனார்கள், கம்பெனி வந்தது, ராணி ஆட்சி வந்தது, குடியரசு வந்தது. இன்றைக்கும் நம் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி (ஆண்டுதோறும் ஊர்க் கணக்கைச் சரிபார்ப்பது) பசலிப்படிதான் நடக்கிறது. அடங்கல் நகல் கேட்டு மனு எழுதும்போது எந்தப் பசலி என்று நான் குறிக்காவிட்டால் மனு திரும்பி வரும்.

சேலத்துக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. தென்னிந்தியாவின் பெரும்பகுதியை மாற்றிய நிலவரி முறை நம் மண்ணில்தான் முதலில் பரிசோதிக்கப்பட்டது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். அதில் பாராமகாலும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) சேலமும் கம்பெனிக்கு வந்தன. நிர்வாகம் பார்க்க கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு அனுப்பியது சிவில் அதிகாரிகளை அல்ல, அலெக்சாண்டர் ரீடு என்ற படைத் தலைவரை. சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு ஊர் மொழி தெரியாது, ரீடுக்குத் தெரியும் என்பது அதற்கு ஒரு காரணம். அவருக்கு உதவியாக மூன்று பேர், அவர்களும் படை அதிகாரிகள்தான்: கிரகாம், மக்லியாட், தாமஸ் மன்றோ. சேலம் பக்கம் மக்லியாட் வசம் இருந்தது. மன்றோ தர்மபுரி பக்கம்.

இவர்கள் ஊர் ஊராகச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். ஒவ்வொரு காட்டுக்கும் மண் தரம் பார்த்துத் தீர்வை போட்டார்கள். (எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம்.) அதுவரை ஊருக்கு மொத்தமாக இவ்வளவு என்று போட்டு, ஊர்த் தலைவர்களோ குத்தகைக்காரர்களோ வசூலித்துக் கொடுப்பது வழக்கம். இப்போது நடுவில் ஆள் இல்லாமல், உழுகிறவன் பெயரிலேயே கணக்கு. 1796 டிசம்பரில் ரீடு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். குடியானவன் தனக்கு முடிந்த அளவு நிலத்தை வைத்துக்கொள்ளலாம், முடியாததை ஆண்டு முடிவில் விட்டுவிடலாம், வைத்திருக்கும் நிலத்துக்கு மட்டும் தீர்வை கட்டினால் போதும். ரயத்துவாரி என்று பிற்பாடு பேர்பெற்ற முறையின் கரு இதுதான்.

படிக்கும்போது குடியானவனுக்கு நல்லது செய்ததுபோல் தோன்றும். பாதி அப்படித்தான். இன்னொரு பாதி, போட்ட தீர்வை மிகவும் அதிகம். ஊர் மொத்தமாகக் கட்டியபோது இல்லாதவனுக்கு இருக்கிறவன் சேர்த்துக் கட்டுவான், விளையாத வருடத்தில் ஊரே சேர்ந்து பேசும். தனிப்பெயரில் கணக்கு வந்த பிறகு அவனவன் கடன் அவனவனுக்கு. ஜப்தி வந்தால் அவன் வீட்டுக்கு மட்டும்தான் வரும்.

அதுவும் நேராக நிலைக்கவில்லை. 1793-இல் வங்காளத்தில் ஜமீன்தார்களுக்கு நிரந்தரமாகத் தீர்வை நிர்ணயித்த கம்பெனி, அதையே இங்கேயும் கொண்டுவர நினைத்தது. 1802-க்குப் பிறகு சேலம் சீமையைத் துண்டுதுண்டாக மிட்டா என்று பிரித்து ஏலம் விட்டார்கள். கையில் காசு இருந்தவர்கள் எடுத்தார்கள். ரீடு போட்டுவைத்த கனத்த தீர்வையை வைத்துத்தான் மிட்டாவின் மதிப்பையும் கட்டியிருந்தார்கள். கணக்கில் இருந்த தொகை காட்டில் விளையவில்லை. பல மிட்டாதார்கள் பாக்கி விழுந்து நொடித்தார்கள். மறு ஏலத்தில் எடுக்க ஆள் வராதவற்றைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டு ரயத்துவாரிக்கு மாற்றியது. 1820-இல் மன்றோ சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்தார். தர்மபுரியில் இளம் அதிகாரியாகக் கற்றுக்கொண்டதை மாகாணம் முழுவதற்கும் கொள்கையாக்கினார்.

தப்பிப் பிழைத்த மிட்டாக்கள் நூறாண்டுக்கும் மேல் ஓடின. என் ஆயா (பாட்டி) பிறந்தது ஒரு மிட்டா கிராமத்தில். அடுத்த ஊர் ரயத்துவாரி. நடுவில் ஓர் ஓடைதான். இந்தக் கரையில் இருப்பவர் சர்க்காருக்குக் கிஸ்தி கட்டினார், அந்தக் கரையில் இருப்பவர் மிட்டாதார் கச்சேரிக்குக் கட்டினார். ஒரே மண், ஒரே சோளம், ஒரே கம்பு, ஓடைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பொருளாதாரம். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் வராது. 1948-இல் சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் போட்டது. மிட்டாக்கள் அரசிடம் போயின, செட்டில்மெண்ட் அதிகாரிகள் வந்து உழுகிறவர்களை விசாரித்து ரயத்துவாரிப் பட்டா கொடுத்தார்கள். ஆனாலும் தர்மபுரிப் பக்கம் மிட்டாரெட்டிஅள்ளி என்று ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது.

கிஸ்தி ரொக்கமாகக் கட்டவேண்டியிருந்ததைப் பற்றித் தனியாகச் சொல்லியாகவேண்டும். தானியமாகக் கொடுக்கும் வரைக்கும் விளைச்சலில் பங்கு போகும். ரொக்கம் என்று வந்தால் கிஸ்தித் தவணைக்குள் தானியத்தை விற்றாகவேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் விற்கும்போது விலை விழும். விற்றும் போதாவிட்டால் கடன். கடனுக்கு ஈடு எது? தன் பெயரில் பட்டா உள்ள நிலம். தனிப்பட்டா வந்ததால்தான் நிலத்தை அடகுவைக்கவும் விற்கவும் சுலபமானது. எங்கள் தொழிலே அப்படித்தான் வளர்ந்தது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. பழைய கட்டுகளில் நான் பார்க்கும் பத்திரங்களில் போக்கியமும் அடமானமும்தான் அதிகம். கிரயம் அதற்கு அப்புறம் வரும், பெரும்பாலும் அதே கடன்காரர் பெயருக்கு.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் அடிபட்டதுபோல் மாகாணத்தில் அடிபட்ட இடங்கள் சிலவே. 1871 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-இல் சுமார் 16 லட்சம். பத்து வருடத்தில் பெருகியிருக்க வேண்டிய ஜனம் குறைந்துபோனது. செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தே இருக்கிறார்கள். மழை பொய்த்தது ஒரு காரணம். மழை பொய்த்த வருடத்தைத் தாங்குவதற்குக் குதிரில் தானியம் இல்லாமல் போனதற்கு எண்பது வருடக் கிஸ்திக் கணக்கும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

நிலத்தை விட்டுக் கொஞ்சம் விலகி இன்னொன்று சொல்கிறேன், அதுவும் நம் மாவட்டத்தில் ஆரம்பித்ததுதான். 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார் (அப்போது முதல்வரை அப்படித்தான் சொல்வார்கள்). அதே வருடம் அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில்தான் முதன்முதலாக மதுவிலக்கு. கள்ளுக்கடை வருமானம் அரசுக்குப் பெரிய வருமானம். அது போனால் ஈடுகட்ட வேறு வழி வேண்டும். 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. போர் தொடங்கியதும் அந்த அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை விலக்கிவிட்டது. விற்பனை வரியை விலக்கவில்லை. பிறகு மதுவிலக்கு மறுபடி வந்தது, 1971-இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 2003 முதல் மதுக்கடையை அரசே நடத்துகிறது. விற்பனை வரியோ மதிப்புக்கூட்டு வரியாகி, 2017 ஜூலையில் ஜிஎஸ்டியாகி, சேலம் செவ்வாய்பேட்டையில் பெயர் ஒட்டிய பாக்கெட்டில் ஒரு கிலோ பருப்பு விற்கும் கடைவரை வந்துவிட்டது. எதற்காகக் கொண்டுவந்தார்களோ அந்தக் காரணம் போன பிறகும் வரி நின்றது. புதிதாக ஒரு வரி போடும்போது ‘இது தற்காலிகம்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். என் வாழ்நாளில் நான் கண்ணால் பார்த்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால், எந்தத் தேர்தலையும் சொல்லமாட்டேன். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு, கர்ணம், மணியகாரர் பதவிகளை ஒரே நாளில் ஒழித்ததைத்தான் சொல்வேன்.

இன்றைய பிள்ளைகளுக்குக் கர்ணம் என்றால் என்னவென்று புரியவைப்பது கஷ்டம். அப்பாவுக்குப் பிறகு மகன் என்று வழிவழியாக வந்த பதவி. அரசு கொடுக்கும் சம்பளம் சொற்பம். ஆனால் ஊரின் நிலக் கணக்கு முழுவதும் அவர் வீட்டில் இருக்கும். எங்கள் ஊர்க் கர்ணம் வீட்டுத் திண்ணையை ஒட்டிய உள்ளறையில் ஒரு மரப் பெட்டி. அதில் சிவப்புத் துணியில் சுற்றிய நோட்டுகள். எந்த சர்வே எண்ணில் யார் உழுகிறார், என்ன பயிர், எவ்வளவு நீர்ப்பாசனம் என்று ஒவ்வொரு பசலியும் அவர்தான் எழுதுவார். குத்தகைக்கு உழுகிறவன் பெயரை அடங்கலில் ஏற்றினால் அவனுக்குச் சட்டப்படி பாதுகாப்பு உண்டு. ஏற்றாமல் நிலக்காரர் பெயரையே எழுதிவிட்டால் அவன் வெறும் கூலிக்காரன். 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம், 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் என்று கோட்டையில் எத்தனையோ சட்டம் போட்டார்கள். அவை ஊருக்குள் நுழைவதா வேண்டாமா என்பது அந்த மரப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கையில் இருந்தது.

ஆயா சிட்டா நகலுக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார். முறத்தில் நிலக்கடலையோ அவரைக்காயோ இருக்கும். அதை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, திண்ணைக்குக் கீழே மண்ணில் நிற்பார். கர்ணம் வெளியே வர நேரமாகும். வந்ததும் “என்னம்மா, உன் மகன் வரலியா?” என்பார். அவர் கெட்ட மனிதர் அல்ல. எங்கள் ஊரில் யார் யாருக்குச் சொந்தம், எந்த வரப்பு எப்போது நகர்ந்தது, எல்லாம் நோட்டைப் பார்க்காமலே சொல்வார். இருந்தாலும் நிலம் ஆயாவுடையது, கிஸ்தி கட்டுவதும் ஆயா. தன் பேரில் இருக்கும் எண்ணைத் தெரிந்துகொள்ள முறத்தோடு நிற்கவேண்டியிருந்தது.

பரம்பரை உரிமையில் அரசுப் பதவி கொடுப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1960-களின் தொடக்கத்திலேயே ஆந்திரா வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. அதன் பிறகும் இங்கே ஏறக்குறைய இருபது வருடம் அந்தப் பதவிகள் நீடித்தன. 1980-இல் ஒழித்தபோது கர்ணங்கள் வழக்குப் போட்டார்கள். 1982-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தேர்வு எழுதி வந்தவர்கள் கிராம நிர்வாக அலுவலர்கள் ஆனார்கள். எங்கள் ஊருக்கு வந்தவர் வெளியூர்ப் பையன், சைக்கிளில் வருவார், பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும். ஆயாவை உட்காரச் சொன்னார். ஆயா உட்காரவில்லை, பழக்கம் விடவில்லை. அடுத்தடுத்துப் போகப்போக உட்கார்ந்தார். முறம் எடுத்துப்போவதையும் நிறுத்திவிட்டார்.

புதிய முறையிலும் குறை உண்டு. அலுவலரைத் தேடி அலையவேண்டும், மாற்றலாகிப் போவார், அவருக்கு ஊர் நினைவு கிடையாது. கைநீட்டுகிறவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். இருந்தாலும் அவர்மேல் புகார் எழுதிப்போட மேலே ஓர் ஆள் இருந்தார். அது பெரிய வித்தியாசம்.

அதே சமயத்தில்தான் யூ.டி.ஆர். வேலையும் நடந்தது. 1979-இல் தொடங்கி 1987 வரை தமிழ்நாடு முழுவதும் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். இன்று எங்களிடம் வரும் சிக்கல்களில் பாதிக்கு அதுதான் பிறப்பிடம். பழைய கணக்கிலிருந்து புதிய கணக்குக்குப் பெயர்களைப் பெயர்த்து எழுதும்போது முனியப்பன் முனியன் ஆனார், கூட்டுப்பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் நின்றது, தம்பி பெயர் விட்டுப்போனது. விதவைகள் பெயரும் பெண்பிள்ளைகள் பெயரும் விட்டுப்போனது இன்னும் அதிகம். நேரில் விசாரிக்க வந்தபோது வாசலில் நின்று பதில் சொன்னது ஆண்கள். பிறகு கணினி வந்தது. பிழைகளும் அப்படியே கணினிக்குள் போயின. இப்போது வீட்டிலிருந்தே கைப்பேசியில் பட்டாவைப் பார்க்கலாம். பார்த்துவிட்டுத்தான் பலர் பதறி ஓடிவருகிறார்கள்.

பெண்பிள்ளைகள் பெயர் என்றேன். எனக்கு இந்தத் தொழிலில் மனசு கிடந்து அடித்துக்கொள்கிற விஷயம் அதுதான். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் பங்கு வந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை வரவில்லை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் அந்த உரிமையும் வந்தது, அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்கு மட்டும் கிடையாது என்ற நிபந்தனையோடு. 2005-இல் மத்திய சட்டம் அந்த நிபந்தனையையும் எடுத்தது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தால் என்ன என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. மகள் பிறப்பாலேயே பங்காளி. சட்டத்தில் இனி மாற்றுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை.

என் மேசையில் நடப்பது வேறு. அப்பா இறந்து முப்பது கும்பிட்ட கையோடு அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். விடுதலைப் பத்திரம் எழுதச் சொல்வார்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வையும் குறைவு. “எங்கள் பூரண சம்மதத்துடன், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி” என்ற வரி எல்லாப் பத்திரத்திலும் வரும். அதை நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது எதிரே பெஞ்சில் அந்தப் பெண்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் நின்றுபோகும் என்ற பயம். பதிலுக்கு ஒரு புடவையும் கொஞ்சம் பணமும். எத்தனை சட்டம் மாறினாலும் அந்த பெஞ்சுவரை வந்து சேர ஒரு தலைமுறை ஆகிறது.

அப்பா காலத்தில் பத்திரத்தை எழுதி நீட்டினால் கையெழுத்து வாங்குவதோடு சரி. நான் அப்படிச் செய்வதில்லை. முழுப் பத்திரத்தையும், சர்வே எண், விஸ்தீரணம், வழிகாட்டி மதிப்பு, ஒவ்வொருவர் பங்குக்கும் எவ்வளவு வரும் என்பது உட்பட, எழுதிக்கொடுப்பவர்களுக்குக் கேட்கும்படி வாசிப்பேன். வாசித்த பிறகு கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்பேன். சில அண்ணன்மாருக்கு இது பிடிக்காது, வேறு எழுத்தரிடம் போய்விடுவார்கள். போகட்டும்.

தீவட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் நிலம், அதனால் மதிப்பு ஏறியிருந்தது. இரண்டு அண்ணன்கள், மூன்று சகோதரிகள். மூத்த பெண்கள் இருவரும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள். கடைசிப் பெண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். என்னிடம், “அக்கா, என் பங்குன்னு சொன்னீங்களே, அந்தத் தொகையை இன்னொரு தரம் படிங்க” என்றாள். படித்தேன். “நான் இப்ப போடலை” என்று எழுந்துவிட்டாள். பெரிய அண்ணன் என்னைத் திட்டினார். தங்கையைத் திட்டியது அதைவிட அதிகம்.

பேச்சு நடந்தது, ஊர்ப் பெரியவர்கள் நடுவில் வந்தார்கள். சில மாதம் கழித்துப் பாகப்பிரிவினைப் பத்திரமாகவே எழுதிப் பதிந்தோம். அக்காமார் இருவரும் பணம் வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். இவளுக்குக் கிழக்கோரமாக அரை ஏக்கர். சட்டப்படி வரவேண்டியதைவிடக் குறைவுதான், தெரிந்தே ஒப்புக்கொண்டாள். அண்ணன்மார் இன்னும் அவளோடு பேசுவதில்லை. உட்பிரிவு செய்து தனிப்பட்டா கேட்டு மனு போட்டிருக்கிறோம். அளப்பதற்கு சர்வேயர் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவள் லீவு போட்டுவிட்டு செவ்வாய் ராத்திரியே பஸ் ஏறுகிறாள், நானும் போகிறேன்.